விறகின் பருமனும் உடையவரின் சோம்பலும்

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்ற பனி மாநிலங்களில், வீட்டுக்கு வெளியே சிறு கொட்டகைபோல் நின்று, விறகால் நீரைச் சூடாக்கி நிலத்தடிக் குழாய் வழியே உள்ளே அனுப்பும் புறக்கொதிகலனின் பெருமை, பிளக்காத முழுக்கட்டையையும் அது விழுங்கிவிடும் என்பதே. சிறு விறகு மளமளவென எரிந்து தீர்ந்தால் நள்ளிரவில் எழவேண்டியிருப்பதால், பருத்த கட்டையே சிறந்தது என்னும் கோட்பாடு, கோடரியைத் தொட விரும்பாதவரிடையே செழித்தது. ஆயினும், ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் விறகு நன்கு எரியும். முழுக்கட்டையின் நடுப்பகுதியோ, முனைகள் வெடித்துக் காய்ந்த பின்னும் ஈரத்தோடே கிடக்கும். நீர் சூடானதும் காற்றுவழி தானே மூடிக்கொள்ள, அக்கட்டை கனன்று கனன்று, தாழ்ந்த புகைபோக்கி வழியே அண்டை வீட்டாருக்கு இலவசமாகப் புகை வழங்குகிறது. கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015இல் புதிய கொதிகலன்களின் புகைத்துகளுக்கு வரம்பு விதித்தது; சோம்பலுக்கு விதிக்கவில்லை.