இறங்குவதற்கு ஒரு டிக்கெட்

ஹானியா, கிரீட் தீவு

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கும் இப்போது அதே வலிதான். நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

ஜெர்மனியில் எங்கள் ஆபீஸ்காரர்கள் வருஷம் ஒருமுறை கூட்டமாக எங்காவது நடக்கப் போவார்கள். இந்தத் தடவை கிரேக்க நாட்டுக் கிரீட் தீவு. சமாரியா என்று ஒரு மலைப் பிளவு, மொத்தம் 16 கிலோமீட்டர். “ஜீப் போகுமா?” என்றுதானே கேட்கிறீர்கள்? போகாது. கோவேறு கழுதை போகும், அதுவும் கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டவர்களுக்கு மட்டும்.

நம் ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்கு நீங்கள் ஜீப்பில் ஏற்றிப்போகும் டூரிஸ்ட்டுகள் எவ்வளவோ மேல். கோயில் பக்கம் வரை வண்டி, குகைக்குள் குனிந்துபோய்ச் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் ஒரு கும்பிடு, வெளியே வந்ததும் புளிசாதப் பொட்டலம். இங்கே எல்லாம் தலைகீழ். பஸ்ஸில் மேலே போய் இறங்கி, அங்கிருந்து கடல் வரை நடந்தே இறங்க வேண்டும். அதற்கு டிக்கெட். அந்த டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து கீழ்வாசலில் காட்ட வேண்டும். இருட்டுவதற்குள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று அதை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

நடை ஆரம்பிக்கும் இடம் 1,230 மீட்டர் உயரம், அதாவது நாலாயிரத்துச் சொச்சம் அடி. என்னமோ இமயமலை மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “எங்கள் ஊர் ஏரியே இதைவிட உயரம், சேர்வராயன் கோயில் 5,326 அடி” என்றேன். “அப்படியானால் உனக்கு இது தூசு” என்று தண்ணீர்ப் பையை என் தோளில் மாட்டிவிட்டார்கள்.

தலைமை தாங்கியவர் அக்கவுண்ட்ஸில் இருக்கும் அம்மாள். மணிக்கு ஒருதரம் பத்து நிமிஷம் ஓய்வு, அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது. பாதி வழியில் சமாரியா என்ற பழைய கிராமம். 1962-ல் இந்தப் பிளவைத் தேசியப் பூங்கா என்று அறிவித்து ஊர்க்காரர்களை வெளியேற்றிவிட்டார்கள். கல் வீடுகள் மட்டும் நிற்கின்றன. கூட வந்தவர்கள் “என்ன அழகு!” என்றார்கள். மலையில் பிறந்தவனுக்கு ஆளில்லாத வீடு அவ்வளவு அழகாகப் படவில்லை.

அங்கேதான் மதியச் சாப்பாடு. ஆளாளுக்கு ஒரு டப்பா, அதில் இரண்டு ரொட்டித் துண்டு, நாலு கேரட். ஒருவர் டப்பாவை இன்னொருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நம் ஊரில் டிபன் டப்பா திறந்தால் முதலில் உள்ளே போவது பக்கத்து ஆள் கைதானே! இங்கே பங்கு கேட்டு வந்தது க்ரி-க்ரி என்ற காட்டாடு ஒன்றுதான். அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. நம் கையிலிருக்கும் ரொட்டிக்குத்தான் பாதுகாப்பில்லை.

அப்புறம் ‘இரும்புக் கதவு’. கதவுமில்லை, இரும்புமில்லை. இரண்டு பக்கமும் 300 மீட்டர் உயரத்துக்குப் பாறைச் சுவர், நடுவில் நாலு மீட்டர் வழி. உருண்டைக் கற்கள் மட்டும் இல்லையென்றால் நீங்கள் கண்ணாடியை மடக்காமலே ஓட்டிவிடுவீர்கள்.

கடைசியில் கடற்கரையில் அயியா ரூமெலி என்று ஒரு சிற்றூர். ரோடே கிடையாது, படகு ஒன்றுதான் வழி. படகு வர நேரமிருந்ததால் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மாள் ஆளுக்கொரு தட்டு வைப்பார் என்று இவர்கள் காத்திருக்க, அவரோ எல்லாவற்றையும் மேஜை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். முதலில் வந்தது டாக்கோஸ். கல் மாதிரி காய்ந்த பார்லி ரொட்டியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, மேலே துருவின தக்காளி, உதிர்த்த வெள்ளைச் சீஸ், கடைசியில் கைக்கணக்கே இல்லாமல் ஆலிவ் எண்ணெய். கடித்தால் மேலே ஈரம், அடியில் மொறுமொறுப்பு, முழங்கை வரை சாறு வழிகிறது. சாட்சாத் சேலம் தட்டுவடை செட், காரம் மட்டும்தான் குறை. காட்டுக்கீரையை வேகவைத்து எலுமிச்சை பிழிந்து தந்தார்கள். ஒரு கடுகு தாளித்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

எல்லாம் முடிந்ததும் திராட்சைச் சக்கையில் காய்ச்சின சாராயம் இலவசமாக வந்தது. சிக்கூதியா என்று பேர். வேண்டாமென்றால் அந்த அம்மாள் முகம் வாடிவிடுகிறது. (இந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.) இரண்டாவது சுற்றில், மத்தியானம் கேரட்டைத் தனியாகக் கடித்தவர்கள் ஒரே கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்து வழித்துக்கொண்டிருந்தார்கள்.

வில்லங்கம் பில்லில் வந்தது. அவரவர் தின்றதற்கு அவரவர் காசு என்பது இவர்கள் வேதம். நடுவில் வைத்துத் தின்றதை எப்படிப் பிரிப்பது? அக்கவுண்ட்ஸ் அம்மாள் பேனாவை எடுத்தார், வைத்தார். ஒருவர் தான் சீஸே தொடவில்லை என்று சத்தியம் செய்தார். கடைசியில் படகுக்காரன்தான் காப்பாற்றினான்: அவன் சங்கை ஊதியதும் சமமாகப் பிரித்துப் போட்டுவிட்டு ஓடினோம்.

ஒரு சங்கதி. இந்தக் கூட்டம் அடுத்த மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு வருகிறதாம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் நடந்தே ஏறுவார்களாம். நான் தடுக்கவில்லை. நீங்கள் ஜீப்பில் டீசல் நிரப்பிக்கொண்டு பின்னாலேயே மெதுவாக வாருங்கள். பத்தாவது வளைவு தாண்டியதும் வாடகை பேசினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்