பேட்டரிக்குப் பிறந்த தேதி கேட்டு ஒரு காலண்டர் ஏஜென்ட் எழுதும் மனு

அனுப்புநர்: காலண்டர் ஏஜென்ட் ஒருவர், விருதுநகர்.

பெறுநர்: தலைமை அதிகாரி, உத்தரவாதப் பிரிவு, பேட்டரிக் கம்பெனி (பெயர் வேண்டாம், படித்ததும் உங்களுக்கே தெரியும்).

பொருள்: காலமான கார் பேட்டரி – பிறந்த தேதி கோருதல் தொடர்பாக.

பார்வை: 24 + 24 மாத உத்தரவாத அட்டை, பின்பக்கம், பொடி எழுத்து.

ஐயா,

வணக்கம். சிவகாசிக் காலண்டருக்கு ஆர்டர் பிடிப்பது என் தொழில். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரி ஆல்பம் வெளிவந்ததும் காரை எடுத்தால், தை பிறக்கும்வரை ஓட்டம்தான். தேதியை விற்றுப் பிழைக்கிற எனக்கு உங்கள் பேட்டரியின் தேதியை மட்டும் படிக்கத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மனு.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடை வாசல். சாவியைத் திருப்பினேன், செல்ஃப் எடுக்கவில்லை. 'டக் டக்' என்றது. டாஷ்போர்டு விளக்குகள் எண்ணெய் தீர்ந்த கார்த்திகை அகலாக மினுங்கி அணைந்தன. எலக்ட்ரீஷியன் தம்பி ஜம்பர் கேபிளோடு வந்து பானெட்டைத் தூக்கியதுதான் தாமதம், கல்லாவில் இருந்தவர் எழுந்து ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, மொதல்ல வண்டியத் தள்ளுங்க! இங்கன பொறி பறந்துச்சுன்னா நாலு நாள் முன்னாடியே தீபாவளி ஆயிரும்!"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். பட்டாசு வாங்க வந்தவர்களே நாலு பேர் சேர்ந்து தெருமுனைவரை தள்ளிக் கொடுத்தார்கள். அங்கே தம்பி கடைசிக் கருப்புக் கவ்வியைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சின் இரும்பில் மாட்டினான். வெடி ஊரில் வளர்ந்த பையன்.

வண்டி உயிர் பெற்றது. மீட்டர் 14.1 வோல்ட் காட்டியது; ஆல்டர்னேட்டரில் குறையில்லை. ராத்திரி முழுக்கப் பேட்டரியைச் சார்ஜில் போட்டு, காலையில் பார்த்தான். ஆறு செல், செல்லுக்கு 2.1 என்று 12.6 இருக்க வேண்டிய இடத்தில் 10.5. "ஒரு செல் போயிருச்சு அண்ணாச்சி" என்றான்.

வாங்கி 26 மாதம். உங்களுக்குப் போன் போட்டேன். மூன்று பதில்கள் கிடைத்தன.

பதில் ஒன்று: "இலவசமா மாத்தித் தர்ற காலம் முடிஞ்சிருச்சு சார்."

பதில் இரண்டு: "மிச்ச காலத்துக்கு ப்ரோ-ரேட்டா கழிவு உண்டு சார்." கழிவு எம்.ஆர்.பி.யில் இருந்து. அந்த எம்.ஆர்.பி.க்கு எந்தக் கடைக்காரரும் பேட்டரி விற்று நான் பார்த்ததில்லை. தெருவில் போகிறவர் கேட்டாலும் குறைத்துத்தான் கொடுக்கிறார். போதாததற்கு, கிளெய்ம் போட்டால் பழைய பேட்டரியை உங்களிடம் சும்மா ஒப்படைக்க வேண்டும். போடாவிட்டால் அதிலுள்ள ஈயத்துக்காகக் கடைக்காரர் விலையில் கழித்துக்கொள்வார். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். உத்தரவாதத்தைப் பயன்படுத்தினால் எனக்கு 150 ரூபாய் கைநஷ்டம்!

பதில் மூன்று: "உங்க ஊர் வெயில் ஜாஸ்தி சார்." ஒத்துக்கொள்கிறேன். வெயிலில் பேட்டரித் தண்ணீர் வற்றும், ஈயத் தகடு சீக்கிரம் அரித்துப்போகும். ஆனால் விருதுநகரில் வெயில் அடிக்கும் என்பது விற்கும்போது தெரியாமல், செத்த பிறகுதான் தெரிந்ததா? பேட்டரி மேல் பெருமையாகப் போட்டிருக்கிறீர்களே சி.சி.ஏ. என்று வண்டியைக் கிளப்பும் திறன், அது மைனஸ் 18 டிகிரிக் குளிரில் அளந்த எண். அந்தக் குளிர் இங்கே அடித்தால், எங்கள் எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் சட்டி எண்ணெயே உறைந்துவிடும். எனக்கு வேண்டியது ஆமத்தூர் ரோட்டில், சித்திரை மாதம், பகல் இரண்டு மணிக்கான எண்.

புதுப் பேட்டரி வாங்கும்போது தம்பி ஒரு பாடம் சொன்னான். அலமாரியில் சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். சிவகாசிப் பக்கம் இதற்கு விளக்கவுரை தேவையில்லை: நமுத்துப்போன வெடி. ஆகவே, கூடுதல் மாத உத்தரவாதத்தோடு ஒரு வருஷமாகக் கடையில் தூங்கும் சரக்கைவிட, குறைந்த மாத உத்தரவாதத்தோடு போன மாதம் பிறந்த பேட்டரி மேல்.

சரி, பிறந்தது எப்போது? அலமாரியிலிருந்த ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுத் தேடினேன். ஓரத்தில் நாலு எழுத்து, அஞ்சு எண். நடுவில் எது மாதம், எது வருஷம் என்று கடைக்காரருக்கே சந்தேகம். ஒரே ராத்திரியில் கரியாகிற பசுமைப் பட்டாசுப் பெட்டியில்கூட கியூஆர் கோடு இருக்கிறது. ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாவற்றையும் எங்கள் தினசரித் தாளில் அடக்கிவிடுகிறோம். பத்துக் கிலோ ஈயத்துக்கு மேல் ஒரு மாதம், ஒரு வருஷம் எழுத இடமில்லையா?

செத்த பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2022-இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. ஈமக்கடன் உங்களுடையது என்று சட்டமே சொல்லிவிட்டது. ஜாதகத்தையும் நீங்களே எழுதிவிட்டால் காரியம் முறைப்படி இருக்கும்.

ஆகவே ஐயா அவர்கள் பெரிய மனசு பண்ணி, பேட்டரி பிறந்த மாதத்தையும் வருஷத்தையும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அச்சடிக்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். நல்ல அச்சகமாக நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தேதி விற்பவன்.

இணைப்பு: உத்தரவாத அட்டை, 1. இருபத்தாறு மாதம் டாஷ்போர்டு வெயிலில் கிடந்தும் மூலை மடங்கவில்லை, மை மங்கவில்லை. அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, ஊர், சிவகாசி. உத்தரவாதத்தை இந்த அட்டைக்குக் கொடுத்திருக்கலாம்.