ஓக் மரத்தை வெட்டி எண்ணூரை நடுவது எப்படி?

சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்கிறீர்கள். கதை எண்ணூரில் நடக்கிறது. படங்கள் மட்டும் இலவசமாகக் கிடைத்த பொதியிலிருந்து வந்தவை. அதனால் உங்கள் திருவொற்றியூர் நாயகன் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு, ஓக் மரத்தடியில், செம்மறியாடுகளுக்கு நடுவே நிற்கிறான். மே மாத வெயிலில் அவன் உள்ளேயே வெந்துபோவதற்குள் படங்களை மாற்றிவிடுவோம்.

முதலில் ஆள். பழைய கோப்பின் பெயரிலேயே, அதே அளவில் புதுப் படத்தைச் சேமித்தால் கேம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். அளவு 16க்கு 16 கட்டம். லுங்கி தெரியும், மீசை தெரியும், முகபாவம் தெரியாது. கவலை வேண்டாம். மாரியோவுக்கே மீசை வந்தது வாய் வரைய இடம் போதாமல்தான். ஆசைப்பட்டு ஆளை 32 கட்ட உயரத்துக்கு வளர்த்தால் மோதல் எல்லையையும் கூடவே வளர்க்க வேண்டும். மறந்தால் தலை கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும், அடித்தாலும் வலிக்காது. படம் மங்கலாகத் தெரிகிறதா? கோடோ எஞ்சினில் டெக்ஸ்சர் ஃபில்டரை 'நியரஸ்ட்' என்று வையுங்கள். அப்புறமும் மங்கலாக இருந்தால் அது எண்ணூர்க் காற்று, சரியாகத்தான் வந்திருக்கிறது.

1985இல் வந்த சூப்பர் மாரியோவில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. நமக்கு இன்னும் வசதி. பொதியிலுள்ள மேகத்தை அப்படியே அனல்மின் நிலையப் புகைபோக்கியின் தலையில் ஒட்டிவிடலாம். கோட்டையைத் தூக்கிவிட்டு 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தை வையுங்கள். தூண்களை எண்ணி வரைய முயலாதீர்கள்.

தண்ணீரில்தான் தகராறு. பொதியில் இருப்பது ஒரே நீல டைல். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு அது எந்த மூலைக்கு? மின்நிலையச் சாம்பல் கரைந்த இடங்களுக்குத் தனியாக ஒன்று வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றையும் கறுப்பாக்கியதே, அதற்கு இன்னொன்று. நீலத்தையும் அழித்துவிடாதீர்கள், விடியலில் அங்கே நின்று பார்த்தால் சில நாள் அதுவும் தேவைப்படுகிறது. மூன்றும் சந்திக்கும் ஓர டைல்களை வரையவே ஒரு ராத்திரி போய்விடும். சலித்துக்கொள்ள வேண்டாம், நிஜத்தில் அந்த எண்ணெயைத் தண்ணீரிலிருந்து பிரிக்க மீனவர்கள் கையாலேயே அள்ளினார்கள்.

படகு ஓடுவதற்கு நாலு படமாவது வரைய வேண்டும். சோம்பேறிகளுக்கு ஒரு வழி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேடு லெவலை அந்த நாட்களில் வைத்தால் கட்டிப்போட்ட படகு ஒன்று போதும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் ஓடும் படம் எதற்கு? வெளியூர் நண்பர் விளையாடிப் பார்த்துவிட்டு "கேம் ஹேங் ஆகிடுச்சு" என்பார். உள்ளூர்ப் பையன் இரண்டு லாரிக்கு நடுவே பைக்கை நுழைத்துப் போய்க்கொண்டே இருப்பான்.

மீன் படத்தைக் காசிமேட்டு அக்காக்களிடம் காட்டாதீர்கள். நான் காட்டினேன். "இன்னாபா இது, சோப்புக் கட்டியா?" என்றார் ஒருவர். சங்கராவுக்குச் சிவப்பு, வவ்வாலுக்குச் சாய்சதுரம் என்று சமாளித்தேன். வஞ்சிரம் நீளம், ஒரு டைலுக்குள் அடங்கவில்லை. இரண்டு கேட்கிறது என்றேன்.

"வஞ்சிரம்னா செலவு ஆவும்பா."

கடைசியாக, உயிர் ஏற்றும் ஆப்பிள். அதற்குப் பதில் அத்தோ வைக்கலாமென்று, பர்மாவிலிருந்து வந்தவர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் கொண்டுவந்து சேர்த்த அந்த நூடுல்ஸை 16 கட்டத்தில் மூன்று மணி நேரம் வரைந்தேன். முடித்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறக் கம்பளி நூல்கண்டு. பொதியைத் திறந்தேன். செம்மறியாட்டுக்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக ஒன்று இருந்தது. பெயரை மட்டும் மாற்றிவிட்டேன்.