முதல் ஆறு மாதம் எதுவும் புரியாது

ஆலங்குளம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்தான் ஞாபகம் வரும். அது பெரிய ஊர், சட்டமன்றத் தொகுதி. எங்கள் ஆலங்குளம் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் "சிமெண்ட் பாக்டரி ஆலங்குளம்" என்று சொன்னால் போதும். 1970இல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு ஆலை அது. 1976இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் அமைந்தபின் அதன் கீழ் வந்தது. ஆலைக்குப் போகிற ரோட்டில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் புருவமெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். முதல் டம்ளர் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் டீ கேட்பார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே எனக்குக் கிடைத்த படிப்பு யோசனைகள் எல்லாம் அந்தக் கடை பெஞ்சில் கிடைத்தவைதான். ஆலை குவார்ட்டர்ஸில் இருந்த அண்ணன்கள் சிலர் வெளியூர்க் கல்லூரிகளில் படித்தார்கள். தீபாவளி, பொங்கல் லீவுக்கு வந்தால் சாயங்காலம் கடைக்கு வருவார்கள். நான் டம்ளர் கழுவிக்கொண்டே கேட்பேன். "ப்ளஸ் டூ ஒரு வருஷம் மட்டும் முட்டி மோதிப் படிச்சிர்றா தம்பி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. காலேஜ்ல யாரும் உன்ன விரட்ட மாட்டாங்க." எல்லா அண்ணன்களும் இதையேதான் சொன்னார்கள். ஒருவர்கூட வேறு எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே அதை முழுசாக நம்பினேன்.

எங்கள் மாவட்டத்தில் இந்த நம்பிக்கைக்கு ஒரு பின்னணி உண்டு. ப்ளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் என்பது நெடுங்காலமாக விருதுநகர் மாவட்டத்தின் பெருமை. 2018இலும் 2023இலும்கூட எங்கள் மாவட்டம்தான் முதலிடம். அந்தப் பெருமைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலையில் ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். சாயங்காலம் ஆறரை வரைக்கும் டெஸ்ட். கணக்கு வாத்தியார் தன் கைக்காசில் வடை வாங்கிக் கொடுத்து எங்களை உட்காரவைப்பார். மெலிந்த பையனைக்கூடக் கரையேற்றிவிடுவார்கள். கரையேறியவன் அடுத்து எந்த ஊரில், எந்தத் தண்ணீரில் இறங்கப்போகிறான் என்பதைப் பற்றி மட்டும் பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நான் ப்ளஸ் டூ எழுதியது 2007 மார்ச்சில். அந்த வருஷம்தான் பொறியியல் நுழைவுத் தேர்வு போனது. அதற்கு முந்தைய வருஷம் வரை, பரீட்சை முடிந்த கையோடு மதுரைக்குப் போய்த் தங்கி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்க வசதி உள்ளவர்களுக்குத்தான் நல்ல கல்லூரி என்று இருந்தது. எங்களுக்கு அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. கணக்கு நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து நூறுக்கு என்று இருநூறுக்கு ஒரு கட் ஆஃப், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் மகன் ஒருவன் கிண்டியில் போய் நிற்க முடிந்தது அந்த முடிவால்தான். அதற்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவன்.

கவுன்சிலிங்குக்கு அப்பாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். அண்ணா பல்கலைக்கழகத்தில் பெரிய கூடம், டிவித் திரைகள். திரையில் கல்லூரிப் பெயரும் பிரிவும் எத்தனை இடம் மீதி என்பதும் ஓடிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்கள் குறையும். அப்பா ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர். எண்களை மட்டும் பார்த்தார். "வேகமாக் குறையுறதுதான் நல்லதா இருக்கும், அதை எடு" என்றார். அது எலக்ட்ரானிக்ஸ். அதில் என்ன படிப்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்றிருந்தவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொன்னேன். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து மரத்தடியில் அப்பா எனக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தார், தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

கல்லூரி மதுரைப் பக்கம். முதல் வாரம், கணக்கு வகுப்பு. பேராசிரியை நல்லவர், பாடத்தில் கெட்டிக்காரர். மேட்ரிக்ஸ், ஐகன் வேல்யூ என்று ஆங்கிலத்தில் வேகமாக நடத்திக்கொண்டிருந்தார். "டேக் தி டிடெர்மினன்ட்" என்றார். சுற்றிலும் எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் தெரியாது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தபடி இருந்தேன். அவர் போர்டில் இரண்டு பக்கமும் நேர்கோடு போட்டு, மூன்று வரிசையில் எண்களை எழுதி விரிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரி வரும்போது அடையாளம் தெரிந்தது. அணிக்கோவை! பத்து மதிப்பெண் கணக்குகளில் நான் ஒருமுறைகூடத் தப்பு விடாத அணிக்கோவை. மேட்ரிக்ஸ் என்றால் எங்கள் அணி. எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் எனக்குத் தெரியாத பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. நான் அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்பதற்குள் பாடம் இரண்டு பக்கம் தாண்டிப் போயிருந்தது.

எல்லாப் பாடத்திலும் இதே கதைதான். தொகையிடல் இன்டக்ரேஷன் ஆகியிருந்தது. மின்தேக்கி கெபாசிட்டர் ஆகியிருந்தது. குறுக்கீட்டு விளைவை இன்டர்பியரன்ஸ் என்றார்கள். வரைபட வகுப்பில் மினி டிராப்டரைப் பலகையில் மாட்டவே எனக்கு ஒரு வாரம் ஆனது. "புரியாதவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று பேராசிரியை ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டார். நான் தூக்கியதில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் வகுப்பில் பதினைந்து பேராவது இருந்தோம். ஒருவரும் தூக்கவில்லை. ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் கேள்வி என்றால் வாத்தியார் கேட்பது. பதில் தெரியாதவன்தான் எழுந்து நிற்பான். எழுந்து நிற்பதற்கு அதைத் தவிர வேறு அர்த்தம் எங்களுக்குத் தெரியாது.

முதல் செமஸ்டரில் கணக்கு போனது. ப்ளஸ் டூவில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று ஏழு வாங்கியவன் நான். வீட்டில் சொல்லவில்லை.

2008 ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் படிக்கும் பழைய மாணவர்கள் வந்து ப்ளஸ் டூ பிள்ளைகளிடம் பேச வேண்டும். மூன்று பேர் போனோம். என்னை அறிமுகப்படுத்தும்போது "நம்ம டீக்கடை அண்ணாச்சி மகன், இன்னைக்கு இன்ஜினியர்" என்றார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் பேசினேன். என் வாயில் வந்தது கடை பெஞ்சு அண்ணன்களின் பேச்சு, எழுத்து மாறாமல். இந்த ஒரு வருஷம் மட்டும் கஷ்டப்பட்டுப் படியுங்கள், அதன் பிறகு கவலை இல்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்தான். சட்டைப் பையில் பேனா கசிந்து நீலக்கறை. "அண்ணே, தமிழ் மீடியத்துல படிச்சிட்டுப் போனா அங்க பாடம் புரியுமாண்ணே?"

அந்தக் கூடத்தில் கேட்கப்பட வேண்டிய ஒரே கேள்வியை அவன் கேட்டுவிட்டான். என் பர்சுக்குள் கணக்கு அரியருக்குப் பணம் கட்டிய ரசீது நாலாக மடித்து இருந்தது. தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஒரு மாசத்துல பழகிரும் தம்பி. பயப்படவே வேண்டாம்" என்று சொன்னேன். அவன் முகம் தெளிந்ததையும் பார்த்தேன்.

பயத்தைப் போக்குவதற்காகச் சொன்னேன் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கைதட்டல் கேட்ட இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். என் அண்ணன்களும் எங்கள் கடை பெஞ்சில் இதையேதான் செய்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். லீவுக்கு வருகிற மூன்று நாளும் ஊர் அவர்களைத் தலைநிமிர்ந்து பார்க்கிறது. அந்த மூன்று நாளில் போய் யார் அரியரைப் பற்றிப் பேசுவார்கள்? இப்படித்தான் எங்கள் ஊரில் கல்லூரியைப் பற்றிய பாதிச் செய்தி மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது.

அந்தப் பையன் 2009இல் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். மெக்கானிக்கல். அவன் அம்மா சுய உதவிக் குழுவில் வாங்கிய கடனில் கட்டணம் கட்டினார்கள். இரண்டு செமஸ்டரிலும் சேர்த்து ஏழு பாடம் போனது. யாரிடமும் சொல்லவில்லை. 2010 ஜூனில் லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. "பழகிரும்னு சொன்னாங்க, எனக்குத்தான் மூளை பத்தல" என்று அவன் தன் அம்மாவிடம் சொன்னானாம். இதை அவன் அம்மா எங்கள் கடையில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா எனக்குப் போனில் சொன்னார். சொன்னது யார் என்று அப்பாவுக்குத் தெரியாது.

அதே 2010இல்தான் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியதும் அதே வருஷம்தான். ஒரு வருஷம் முந்தியிருந்தால் என்று நான் நினைக்காத நாள் குறைவு. ஆனால் அவனுக்குத் தேவைப்பட்டது அதைவிடச் சின்ன விஷயம். முதல் ஆறு மாதம் எதுவும் புரியாது, யாருக்கும் புரியாது, உனக்குத் தெரிந்ததுதான் வேறு பெயரில் வருகிறது என்று ஒரு ஆள் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அரசாணை வேண்டாம், காசும் வேண்டாம். நான் போதும்.

எனக்கு எப்படிப் புரிய ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் ஹாஸ்டலில் ஒரு சீனியர் என் ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தை ஊரிலிருந்து எடுத்துவரச் சொன்னார். ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ்ச் சொல், அந்தப் பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதவைத்தார். கணக்கும் இயற்பியலும் சேர்த்து முந்நூறு சொற்கள்கூட வரவில்லை. மூன்று வாரத்தில் முடிந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த முந்நூறு சொற்களுக்காகவா எத்தனையோ பேர் ஊருக்குத் திரும்பினார்கள்? இப்போது வரும் புதிய பாடநூல்களில் கலைச்சொற்களை ஆங்கிலத்தோடு சேர்த்தே அச்சிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதைப் போட வேண்டும் என்று தோன்றிய ஆசிரியர் யாரோ, அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

2025 ஜூலையில் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இல்லை. கடையைத் தம்பி நடத்துகிறான். சாயங்காலம் பைக்கில் ஒருவர் வந்து நின்றார். பின்னால் ஒரு பெண் பிள்ளை. நீலக்கறைச் சட்டைப் பையன்தான். சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேனாக இருக்கிறான். காலண்டர் சீசனில் இரவு பகல் பார்க்காத வேலை. கை விரல்களில் மை ஏறி நிலைத்திருந்தது.

"அண்ணே, இது அக்கா மக. கவர்மென்ட் ஸ்கூல்தான். கட் ஆஃப் நல்லா வந்திருக்கு. சாய்ஸ் பில்லிங் போடணும், பாத்துச் சொல்லுங்கண்ணே."

இப்போது கிண்டிக்குப் போக வேண்டியதில்லை. 2018 முதல் கலந்தாய்வு ஆன்லைனில்தான். பெஞ்சில் உட்கார்ந்து அவள் போனிலேயே பார்த்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஏழரை சதவீத இடம் 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அப்படிச் சேருகிறவர்களின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். அவள் இதையெல்லாம் எனக்குச் சொன்னாள், நான் அவளுக்குச் சொல்லவில்லை. எந்தப் பிரிவில் என்ன படிப்பார்கள் என்றும் பார்த்து வைத்திருந்தாள். எனக்கும் அப்பாவுக்கும் அந்தக் கூடத்தில் தெரியாதது எல்லாம் அந்தப் பிள்ளையின் கைக்குள் இருந்தது.

எல்லாம் முடிந்து எழும்போது கேட்டாள். "மாமா, நான் தமிழ் மீடியம். அங்க போனா புரியுமா?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பதினேழு வருஷமாக வைத்திருந்ததை அங்கேயே சொன்னேன். "அன்னைக்கு உங்கிட்ட நான் பொய் சொன்னேன்யா. எனக்கே அரியர் இருந்துச்சு."

அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டில் லாரி ஒன்று போய் முடியும் வரை இருந்தான். "அப்பவே சொல்லியிருக்கலாம்ணே" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு அவளிடம் திரும்பினான். "பாப்பா, ஆறு மாசத்துக்கு ஒண்ணும் புரியாது. புரியலைன்னா கையத் தூக்கு. வெக்கப்பட்டு உக்காந்திராத. என்னைய மாதிரி உக்காந்திராத."

தம்பியிடம் கடைக் கணக்கு எழுதும் நோட்டு ஒன்று வாங்கி, நடுவே கோடு போட்டுக் கொடுத்தேன். அவள் தன் போனில் இயற்பியல் புத்தகத்தைத் திறந்து, தமிழ்ச் சொல்லை வாசித்தாள், நான் ஆங்கிலத்தைச் சொன்னேன். அணிக்கோவையை நானாகவே முதலில் எழுதச் சொன்னேன். மின்தேக்கி, தூண்டல், குறுக்கீட்டு விளைவு என்று போய்க்கொண்டிருந்தது.

"விளிம்பு விளைவு" என்றாள்.

எனக்கு வரவில்லை. மென்பொருள் வேலையில் பதினாலு வருஷம் ஓடிவிட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் பைக் சாவியைக் கையில் எடுத்தபடி நின்றிருந்தான். "டிப்ராக்‌ஷன்" என்றான்.

அவள் எழுதிக்கொண்டாள்.