ஓடுதளம் ஒன்றே ஒன்று

கே: எங்கோ தொலைவில் நிலநடுக்கம் என்றால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வீட்டில் மூட்டை மூட்டையாய்ப் பழைய துணி இருக்கிறது. விடுமுறையும் இருக்கிறது. கிளம்பிவிடட்டுமா?

ப: சோறு இறங்காத அந்த மனசுக்கு முதலில் ஒரு கும்பிடு. மூட்டையை மட்டும் கீழே வையுங்கள்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை 7.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். உலகமே உதவக் கிளம்பியது. காத்மாண்டு விமான நிலையத்திலோ ஓடுதளம் ஒன்றே ஒன்று! பாரம் தாங்காமல் அது சேதமடைய, மே மாதம் பெரிய விமானங்களுக்குத் தடை போட்டார்கள். அந்த நிலையில் உங்கள் புடவை ஏறினால் யாருடைய மருந்தோ இறங்கியாக வேண்டும். நேபாளத்தின் கோர்க்கா மலைக் கிராமங்களுக்கு ஜூன் மழைக்கு முன் வேண்டியிருந்தது தார்ப்பாயும் தகரமும்தான். பழந்துணி என்ன பாடுபடுத்தும் என்று நாகப்பட்டினத்தைக் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பின் சாலையோரம் குவிந்ததை அள்ளுவதே தனி வேலையானது.

பணம் அனுப்புங்கள். அது விமானத்தில் இடத்தை அடைக்காது. போன இடத்தில் அரிசியாகும், தகரமாகும். உள்ளூர்க் கடைக்காரரும் பிழைப்பார். ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள். எலும்பு முறிவு வைத்தியமோ மீட்புப் பயிற்சியோ தெரியுமென்றால், அழைப்பு வந்த பிறகு நேரில் போகலாம். தெரியாமல் போனால் பாதிக்கப்பட்டவர்களுக்குள்ள தண்ணீரில் நாமும் பங்கு கேட்போம்.

இன்னொன்று. பாதிப் பணத்தை ஆறு மாதம் கழித்து அனுப்புங்கள். கேமராக்கள் ஊர் திரும்பியிருக்கும்; வீடிழந்தவர்கள் தகரக் கொட்டகையில் முதல் குளிர்காலத்தைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள்.