கால்குலேட்டரையும் மவுண்ட் பண்ணியாச்சு

கொடைக்கானலில் போன வாரம் மழை விடவே இல்லை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மாலையில், நாயுடுபுரத்தில் குடியிருக்கும் இந்தக் கட்டுரையாளர் தன் கம்ப்யூட்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்குகளில் 1909 எதில் இருக்கிறது? அதற்கு அவர் அடித்ததும் எல்லோரும் அடிக்கிற கட்டளைதான்: மவுண்ட்.

திரை கொட்டித் தீர்த்தது. சிஸ்எஃப்எஸ், ப்ராக், டெவ்பிடிஎஸ், டெம்ப்எஃப்எஸ், செக்யூரிட்டிஎஃப்எஸ், சிகுரூப்2, பிஸ்டோர், டிபக்எஃப்எஸ், ட்ரேஸ்எஃப்எஸ், ஃப்யூஸ்சிடிஎல். இதில் எதையும் அவர் கடையில் காசு கொடுத்து வாங்கவில்லை. எல்லாம் கெர்னல் தன் சௌகரியத்துக்காகக் காற்றிலே கட்டிக்கொண்ட வீடுகள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் மட்டும் கண்ணில் படவில்லை.

1909 எதற்கு என்று கேட்கலாம். ஊருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வகத்தில் 1901 முதல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே 1907-ல் வேலைக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரி 5 அன்று ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படம் பிடித்தார். புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று அதிலிருந்து கண்டுபிடித்தார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. கொடைக்கானலுக்கு வருகிறவர்களோ தூண் பாறை, குணா குகை, ஹோம்மேட் சாக்லேட் என்கிறார்கள். அது இருக்கட்டும். அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுகளையும் பிற்காலத்து ஃபிலிம்களையும் இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. கால்சியம் ஒளியில் எடுத்த நூறாண்டுப் படங்களில் ஒவ்வொன்றும் 4,096-க்கு 4,096 பிக்சல், பிக்சலுக்கு 16 பிட். ஒரு சூரியன் 32 எம்பி. மேகம் மறைக்காமல் நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஓர் ஆண்டு பதினொரு ஜிபியைத் தாண்டிவிடும். கட்டுரையாளர் இப்படிச் சேர்த்துவைத்த சூரியன்கள்தான் டிஸ்க் டிஸ்காகக் கிடக்கின்றன.

மவுண்ட் கொட்டியதை யாரும் படிப்பதில்லை. பைப் போட்டு கிரெப்பிடம் தள்ளிவிடுவதுதான் வழக்கம். கட்டுரையாளரும் 'யுஎஸ்பி' என்று கிரெப் செய்தார். ஒன்றும் வரவில்லை, வராது. யுஎஸ்பியில் செருகிய டிஸ்கின் பெயர் எஸ்டிபி1. அந்தப் பெயரில் யுஎஸ்பி எங்கே இருக்கிறது? 'டிஸ்க்' என்று தேடினார், வந்துவிட்டது! சந்தோஷப்பட ஏதுமில்லை. டிஸ்கை டிஸ்க் என்று யாரும் அங்கே எழுதிவைக்கவில்லை. அதை மவுண்ட் செய்துகொடுத்த பின்னணி வேலையாளின் பெயர் யுடிஸ்க்ஸ்2. வரியின் வாலில் இருந்த அந்தப் பெயரைத்தான் கிரெப் பிடித்தது. ஆளைத் தேடிப் போனால் டிரைவர் பெயரை வைத்துக் கண்டுபிடித்த கதை.

இனி லூப்.

உபுண்டுவில் ஸ்னாப் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மென்பொருளும் தன் மூட்டை முடிச்சோடு ஒரே கோப்பாக வரும். அந்தக் கோப்பு ஸ்குவாஷ்எஃப்எஸ் என்கிற ஃபைல் சிஸ்டம். அதை லூப் டிவைஸ் வழியாக மவுண்ட் செய்தால்தான் மென்பொருள் ஓடும். ஆகவே மென்பொருள் ஒன்றுக்கு மவுண்ட் பட்டியலில் ஒரு வரி. 2018-ல் வந்த உபுண்டு 18.04-ல் கால்குலேட்டரே ஸ்னாப்பாக வந்தது. கால்குலேட்டர்! இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்ல அதற்குத் தனியாக ஒரு ஃபைல் சிஸ்டம். சிறப்பு எழுத்துகளைப் பொறுக்கி எடுக்க ஒன்று. லாக் பார்க்க ஒன்று. கம்ப்யூட்டர் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் சிஸ்டம் மானிட்டருக்கும் ஒன்று. திணறலில் அதன் பங்கும் உண்டு என்பது கட்டுரையாளரின் சொந்தக் கருத்து. இவை போக, இவற்றுக்கெல்லாம் பொதுவான பொத்தான் அலங்காரங்களுக்கு ஒன்று. இத்தோடு விட்டார்களா? புதுப் பதிப்பு வந்தால் பழையதைத் தூக்கிப் போடமாட்டார்கள். திரும்பிப் போக வேண்டியிருந்தால் உதவுமாம்! ஆக ஒவ்வொன்றும் இரட்டைப் பிள்ளை. லூப்0, லூப்1, லூப்2 என்று அது பாட்டுக்குப் போகிறது. இந்த மலைக்கு வரும் வண்டிகளுக்கே நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. லூப்களைக் கேட்பாரில்லை.

லூப் வரிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். வரியின் கடைசியில், அடைப்புக்குறிக்குள், 'எக்ஸ்-ஜிடியூ.ஹைட்' என்று இருக்கும். மவுஸ் பிடிப்பவர்களின் திரையில் இதைக் காட்டாதே என்று அர்த்தம். அதாவது இது தொல்லை என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, மறைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். மவுண்ட் அந்த வரியையும் காட்டி, 'மறை' என்று எழுதியிருப்பதையும் சேர்த்துக் காட்டுகிறது.

டிஎஃப் கட்டளையில் இது இன்னும் மோசம். ஸ்குவாஷ்எஃப்எஸ் நெருக்கி அடைத்த, எழுத முடியாத ஃபைல் சிஸ்டம்; அதில் காலி இடம் என்பதே கிடையாது. ஆகவே எப்போது பார்த்தாலும் நூறு சதவீதம் நிரம்பியதாகவே காட்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் முகம் வெளுத்து ஓடிவந்தான்.

"அண்ணே, டிஸ்கு நூறு பர்சன்ட் ஃபுல்லாயிருச்சுண்ணே. வட்டக்கானல் போட்டோவெல்லாம் அழிச்சுட்டேன். அப்பவும் நூறுதான் காட்டுது."

"எது நூறு காட்டுதுடா?"

"லூப் அஞ்சு."

அது கால்குலேட்டர்.

மவுண்ட்டின் கையேட்டிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: பட்டியல் காட்டும் வேலையைப் பழைய வழக்கத்துக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறோம், உருப்படியான பட்டியலுக்கு ஃபைண்ட்மவுண்ட்டிடம் போங்கள் என்று. அந்த ஃபைண்ட்மவுண்ட் 2010 வாக்கிலேயே வந்துவிட்டது. இத்தனை வருஷமாகியும் யார் விரலும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. கட்டுரையாளர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அடித்தார். அழகான மரம் ஒன்று வரைந்தது. கிளைக்குக் கிளை சிகுரூப். 'ரியல்' என்று ஒரு விருப்பத்தேர்வு உண்டு, நிஜமான ஃபைல் சிஸ்டங்களை மட்டும் காட்டுமாம். அடித்தார். ப்ராக் போயிற்று, சிஸ்எஃப்எஸ் போயிற்று, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கால்குலேட்டர் மட்டும் கம்பீரமாக நின்றது. ஸ்குவாஷ்எஃப்எஸ் நிஜமான ஃபைல் சிஸ்டம்தானே! சட்டப்படி பேச ஒன்றுமில்லை.

சரி, வகையைச் சொல்லிக் கேட்போம் என்று 'என்டிஎஃப்எஸ்' மட்டும் காட்டு என்றார். டிஸ்க் வாங்கும்போது டப்பாவிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. ஒன்றுமில்லை என்று அமைதியாகத் திரும்பியது. என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக ஏறிய டிஸ்க் தன் வகையை 'ஃப்யூஸ்பிளாக்' என்றுதான் சொல்லிக்கொள்ளும். புது கெர்னல் டிரைவர் வழியாக ஏறினால் 'என்டிஎஃப்எஸ்3'. எப்படி ஏறினாலும் சொந்தப் பெயரைச் சொல்லாது.

டிஸ்க் எங்கே என்று கேட்டால்தானே இந்தப் பாடு, கோப்பையே நேராகத் தேடலாமே என்று வாசகர் யோசிக்கலாம். கட்டுரையாளரும் யோசித்தார். லொகேட் கட்டளை மின்னல் வேகத்தில் ஒன்றுமில்லை என்றது. உபுண்டுவில் லொகேட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால், எட்டிப் பார்க்கக் கூடாத இடங்கள் என்று ஒரு வரிசை இருக்கும். அதில் 'மீடியா' உண்டு. வெளியிலிருந்து செருகும் டிஸ்குகள் வந்து உட்காருவது அந்த மீடியாவுக்குள்தான். அப்புறம் வேரிலிருந்து ஃபைண்ட் போட்டார். அது ப்ராக்குக்குள் நுழைந்து, ஓடுகிற ஒவ்வொரு ப்ராசஸின் வாசலிலும் போய் நின்று, 'பர்மிஷன் டினைட்' என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்து காட்டியது. 'எக்ஸ்டெவ்' சேர்த்தால் இந்த அலைச்சல் கிடையாது. ஒரே ஃபைல் சிஸ்டத்தோடு நின்றுகொள்ளும். ஒரே ஃபைல் சிஸ்டம் என்றால் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்; செருகிய டிஸ்க் பக்கம் அது திரும்பாது.

இதற்குள் பையன் மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஃபைல் மேனேஜரத் தொறந்தா எடது பக்கம் வரிசையா எல்லா டிஸ்கும் காட்டுமேண்ணே."

கட்டுரையாளர் அவனுக்கு எல்எஸ்பிஎல்கே பற்றி விளக்க ஆரம்பித்தார். பிளாக் டிவைஸ் என்றால் என்ன, லேபிள் என்றால் என்ன, ஈஎக்ஸ்டி4-ல் லேபிளுக்கு 16 பைட்தான், தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட்டாவது போய்விடுவதால் கொடைக்கானல் என்று முழுசாகப் பெயர் வைக்கவே இடமில்லை என்பது வரை வந்துவிட்டார். பையன் மவுஸை எடுத்து இரண்டு முறை கிளிக் செய்தான். லூப் ஒன்றுகூட இல்லாத, துடைத்துவிட்டாற்போன்ற பட்டியல் வந்தது.

"அதை மூடுடா முதல்ல," என்றார் கட்டுரையாளர்.