கேஜுக்குச் சொந்தபந்தம் கிடையாது

ஹட்டன் பக்கம் ஒரு லொறி நடுவழியில் நின்றால், டிரைவர் கதவைத் திறந்து இறங்குவதற்குள் என்ன நோய் என்று முடிவாகியிருக்கும். மலைக்குப் போகிறவர், மலையிலிருந்து வருகிறவர், பால் கேனோடு நிற்கும் பையன், யாருக்கும் எஞ்சினைப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை எதிர் மலையில் வைத்து, ஒரே தீர்ப்பு: "பம்பு போச்சு."

ஏன் எப்போதும் பம்பு? விலைதான் காரணம் என்பது என் எண்ணம். டீசல் எஞ்சினில் கழற்றி விற்கக்கூடிய சாமான்களில் விலை கூடியவற்றில் ஒன்று அது. "ஃபில்டர் அடைச்சிருக்கு" என்று சொல்வதில் சொல்கிறவருக்கு என்ன மதிப்பு இருக்கிறது? கடையில் வாங்கி மாட்டிவிட்டால் கதை முடிந்தது. பம்பு என்றால் லட்சக்கணக்கு. சொன்னவர் அன்று முழுவதும் பெரிய மனிதர்.

என் மச்சான் வட்டவளைப் பக்கம் ஒரு கொழுந்து லொறி வைத்திருக்கிறார். லொறி அவருடையது, கணக்குப் புத்தகம் என் கையில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் ஒரு வீட்டுக்கு மருமகனாகப் போனால் இப்படி ஒரு சீதனம் கொடுப்பார்கள். எந்த டயர் எப்போது வெடித்தது, எந்த நொசில் எப்போது மாறியது என்பதெல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவது பில்லோடு கூடிய வரலாறு.

வரலாறு 2022இல் தொடங்குகிறது. அந்தக் காலத்தை இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2021 கடைசியில் லீற்றர் 121 ரூபாய்க்கு இருந்த டீசல், 2022 ஜூன் முடிவதற்குள் 460 ரூபாய். கொடுக்கக் காசிருந்தாலும் டீசல் இருக்கவேண்டுமே. ஷெட்டுக்கு வெளியே லொறிகள் இரவு பகலாகப் படுத்துக் கிடந்தன. ஒருவழியாகக் கிடைத்த டீசலோடு வீட்டு வாசலில் நிறுத்தினால், விடிவதற்குள் குழாய் போட்டு உறிஞ்சிவிடுவார்கள். மச்சானுக்கும் ஒரு ராத்திரி அது நடந்தது.

அன்றைக்கு இரண்டு தீர்மானங்கள் எடுத்தார். முதலாவது, இனி எப்போது டீசல் கிடைத்தாலும் கழுத்துவரை நிரப்புவது. இரண்டாவது, டேங்குக்குக் கள்ளன் திறக்கமுடியாத மூடி. ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, தடித்த இரும்புத் தகட்டில் மூடி செய்தார்கள். கீழே டயர் டியூப் றப்பரை வெட்டி வைத்து, மேலே கொண்டி போட்டு, பெரிய பூட்டு. அந்த மூடியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து லயத்துக் கிழவி, "உள்ளுக்குள்ள நகையா வச்சிருக்கீக?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கள்ளன் வரவில்லை. காற்றும் வரவில்லை. இரண்டாவதை யாரும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நாளில் லொறி நிற்கத் தொடங்கியது. எங்கேயாவது நின்றால் பரவாயில்லை. கீழ் டிவிசனில் காலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்கு மேலே ஏறும்போது, முனியாண்டி கோவில் முடக்கில் மட்டும் நிற்கும். முதலில் இழுவை குறையும், பிறகு இருமும், பிறகு சத்தமே இருக்காது. அதிலும் ஒரு விசேஷம்: டேங்க் நிரப்பிய மறுநாள்தான் நிற்கும். அரை டேங்கில் ஓடும் நாட்களில் குதிரை மாதிரிப் போகும்.

கொழுந்து லொறி நிற்பது மணல் லொறி நிற்பது போலல்ல. சாக்கில் அடைத்த பச்சைக் கொழுந்து உள்ளுக்குள் சூடேறிக்கொண்டே இருக்கும். நேரம் போனால் சிவந்துவிடும். ஃபெக்டரி வாசலில் டீமேக்கர் ஐயா சாக்குக்குள் முழங்கை வரை கையை விடுவார். சூடு தட்டினால் வாயால் எதுவும் சொல்லமாட்டார். கையை வெளியே எடுத்து மச்சானை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என் கணக்குப் புத்தகத்தில் தனிப் பத்தி உண்டு.

வைத்தியர்கள் கூடினார்கள். டிரைவர் அண்ணன், "பம்புதாங்க. என் சகலையோட பஸ்ஸுக்கும் இதேதான்" என்றார். கணக்கப்பிள்ளை, "என் சித்தப்பா மகனோட கெண்டருக்கும் இதே வருத்தம். பம்பு மாத்தினதும் சரியாச்சு" என்றார். டேங்க் நிறைந்தால்தான் நிற்கிறது என்பதை நான் எடுத்துச் சொன்னபோது, "வயிறு நிறைஞ்சா யாருக்கும் மலையேற முடியாது சேர்" என்று கோலையாப் பையன் விளக்கம் கொடுத்தான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இயந்திரவியல் அத்தோடு முடிந்தது.

அடுத்தது ஆன்மிகம். மலையகத்தில் தேயிலை ஃபெக்டரி மெசினுக்கே காவலாக ரோதமுனி இருக்கும்போது, லொறிக்கு ஒரு முனி பொறுப்பேற்பதில் என்ன அதிசயம்? கோவில் முடக்கில் நிற்கிறதென்றால் முனியாண்டி எதையோ கேட்கிறார். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, உண்டியலில் போட்டுவிட்டு, டிரைவர் அண்ணன் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கி ஸ்டார்ட் பண்ணினால், லொறி கிளம்பிவிடும்! ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். கைப்பம்பு அமுக்கியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கோவில் உண்டியலுக்கு நல்ல காலம் பிறந்தது. மச்சான், "பூசை, லொறிச் செலவு" என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

இந்த இடத்தில் பம்பின் பக்க நியாயத்தையும் கேட்கவேண்டும். பழைய லொறி எஞ்சினில் பம்பு ஒன்றல்ல, இரண்டு. டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளும் சின்னப் பம்பு ஒன்று. அது கொடுப்பது ஒன்று, இரண்டு பார் அழுத்தம். அடுத்தது பெரிய பம்பு. அந்த டீசலை நொசில் திறக்கும் அளவுக்கு, இருநூறு பாருக்கும் மேலே, நெரித்து அனுப்புகிறது. புதிய காமன் ரெயில் எஞ்சின்களில் அது ஆயிரத்தைந்நூறைத் தாண்டும். அங்கே எஞ்சின் ஓடும்போது குழாயைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் ஆகாது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ருடொல்ஃப் டீசல் 1897இல் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டியபோது இப்படியொரு பம்பே இல்லை, அழுத்திய காற்றால் எரிபொருளை உள்ளே ஊதினார். பொஷ் கம்பனி பெரிய பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது 1927இல். அன்றிலிருந்து உலகத்தின் எல்லா முடக்குகளிலும் பழி அதன் தலையில்தான்.

சின்னப் பம்பு டீசலை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் டேங்குக்குள் இருக்கும் காற்று டீசலைத் தள்ளுகிறது. பம்பு செய்வது தன் பக்கத்தில் இடம் விட்டுக்கொடுப்பது மட்டும். அதனால்தான் மேலே போகப் போகப் பிரச்சினை. கொழும்பில் காற்று முழுப் பேருக்கு வேலை செய்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு காற்று பெரட்டுக்கே வருவதில்லை. இருக்கிற காற்றையும் டேங்குக்குள் விடாமல் பூட்டுப் போட்டால் டீசலை யார் தள்ளுவது?

பெரிய பம்பைக் கழற்றி ஒப்படைக்க மச்சான் கிட்டத்தட்டத் தயாராகிவிட்டார். கடைசி நேரத்தில் ஹட்டனிலிருந்து ஒரு மெக்கானிக் பாஸை யாரோ கூட்டிவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நோயின் சரித்திரத்தைச் சொன்னோம். சகலையின் பஸ், சித்தப்பா மகனின் கெண்டர், முனியாண்டி எல்லாம் வந்தன. அவர் பையைத் திறந்து, துணியில் சுற்றிய இரண்டு கேஜுகளை எடுத்தார். "எல்லாருக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கான்," என்றார். "கேஜுக்கு யாரும் இல்ல."

ஒரு கேஜைச் சின்னப் பம்புக்கு அப்புறம், பெரிய பம்புக்குப் போகும் வழியில் போட்டார். அது அழுத்தம் காட்டுவது. இன்னொன்றைச் சின்னப் பம்புக்கு முன்னால், டேங்கிலிருந்து வரும் குழாயில் போட்டார். அது பம்பு எவ்வளவு கஷ்டப்பட்டு உறிஞ்சுகிறது என்று காட்டும். நீளக் குழாய் வைத்து இரண்டு முகத்தையும் கெபினுக்குள் கொண்டுவந்து, கண்ணாடிக்கு முன்னால் டேப்பால் ஒட்டினார். நின்ற இடத்தில் பார்த்துப் பயனில்லையாம். பாரத்தோடு ஏறும்போதுதான் பம்பின் குணம் தெரியும். டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, கொழுந்தும் ஏற்றி, நானும் மச்சானும் நடுவில் நெருங்கிக்கொண்டு கிளம்பினோம்.

கீழே இருக்கும்போது அழுத்த முள் ஒன்றரையில் நிம்மதியாக நின்றது. ஏற ஏற மற்ற முள் நகர்ந்தது. முதலில் ஒரு கோடு, பிறகு இன்னொன்று. பம்பு உறிஞ்சுகிறது, உறிஞ்சுகிறது, டீசல் வரமாட்டேன் என்கிறது. கோவில் கோபுரம் தெரிந்தபோது அழுத்த முள் ஒன்றுக்குக் கீழே. முடக்கில் திரும்பும்போது கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. லொறி இருமியது, நின்றது.

டிரைவர் அண்ணன் பழக்கத்தில் தேங்காயை எடுத்தார். பாஸ் கையைக் காட்டி நிறுத்தி, "மூடிய திறங்க" என்றார். மச்சான் பூட்டைத் திறந்து கொண்டியைத் தள்ளினார். றப்பர் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பேனரால் நெம்பியதும் "உஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம், காற்று உள்ளே போகும் சத்தம். கோவில் பொருளாளர் அங்கே நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு பாஸ் சொன்னது என் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அழுத்தமும் குறைந்து, உறிஞ்சலும் பலவீனமாக இருந்தால் பம்புக்கு வருத்தம், அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. கண்ணாடிக் குழாய் ஒரு துண்டு போட்டால் குமிழி தெரியும். அழுத்தம் குறைந்து, உறிஞ்சல் பலமாக இருந்தால் பம்பு நல்லாயிருக்கிறது, அதற்கு முன்னால் எங்கோ அடைப்பு: பம்புக்கு முந்திய சல்லடையா, மடிந்த குழாயா, மூடியா என்று பின்னால் தேடிப்போகவேண்டும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு கேனில் சுத்தமான டீசலைக் கெபினுக்கு மேலே கட்டி, அதிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் விட்டு ஓட்டிப் பார்க்கலாம். லொறி ஏறிவிட்டால் பெரிய பம்பு நிரபராதி.

டேங்க் நிறைந்த நாள் மட்டும் ஏன் என்பதை நான் வகுப்பறையில் கணக்காகவே போட்டுக் காட்டினேன். கழுத்துவரை நிரப்பினால் உள்ளே காற்றுக்கு ஐந்து லீற்றர் இடம் என்று வையுங்கள். இரண்டு லீற்றர் டீசல் எரிந்ததும் அதே காற்று ஏழு லீற்றருக்குப் பரவவேண்டும். அழுத்தம் கிட்டத்தட்ட 29 வீதம் விழும். அரை டேங்கில் ஐம்பது லீற்றர் காற்று இருந்தால், அதே இரண்டு லீற்றருக்கு நாலு வீதம்கூட விழாது. றொபேட் போயில் 1662இல் சொன்ன விதி. தேங்காய் உடைத்துச் சூடம் அணைவதற்குள் றப்பர் ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போயிருக்கும், மீதியைக் கைப்பம்பு பார்த்துக்கொண்டது. முனியாண்டி எங்களிடம் கேட்டதெல்லாம் கால் மணி நேரம்.

பாஸ் மூடியில் ஓட்டை போட்டு, சின்னக் குழாயை வாய் கீழே பார்க்கும்படி வளைத்து வைத்தார். செலவு சில நூறு ரூபாய். பெரிய பம்பு தப்பியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செய்தி பரவியது. இப்போது எந்த லொறி நின்றாலும் தலையைச் சாய்த்து, எதிர் மலையைப் பார்த்து, "மூடி" என்கிறார்கள். "எங்க சேரோட மச்சான் லொறிக்கும் இதேதான்" என்று என்னையே சாட்சிக்கும் இழுக்கிறார்கள். ஆளாளுக்கு ட்ரில்லை எடுத்து மூடியில் நேராக ஓட்டை போட்டார்கள். வளைந்த குழாயை யாரும் கவனிக்கவில்லை. வட்டவளை நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று. ஜூன் மாதம் தென்மேல் பருவமழை கொட்டியது, ஓட்டை வழியாக டேங்குக்குள்ளும் பெய்தது. பெரிய பம்பின் உள்ளே இருக்கும் பாகங்களுக்கு இடைவெளி மயிரிழையைவிடப் பல மடங்கு குறைவு, அவற்றுக்கு எண்ணெய் போடுவது டீசலேதான். தண்ணீர் போனால் துருப்பிடித்து இறுகிவிடும். தட்டுப்பாட்டு நாட்களில் லீற்றர் 87 ரூபாய்க்கு இருந்த மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டியவர்களின் பம்புகள் ஏற்கெனவே வழவழப்பில்லாமல் தேய்ந்து போயிருந்தன. மழை மிச்சத்தை முடித்தது. அந்த மாதம் நிஜமாகவே நாலைந்து பம்புகள் போயின. ஒருவரும் நம்பவில்லை. "பம்பா? சும்மா இருங்க, இன்னொரு ஓட்டை போடுங்க" என்றார்கள்.

பாஸுக்கு இப்போது நல்ல வேலை. கஷ்டம் கோவிலுக்குத்தான். போன வாரம் பொருளாளர் வீடு தேடி வந்தார். தேத்தண்ணி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். கடைசியில் எழும்பும்போது, "சேர், திருவிழா வருது, உண்டியல் சும்மா கிடக்கு," என்றார். "அந்தப் பழைய மூடி வீட்டுல இருக்குமில்ல? ஒரு வாரத்துக்கு மாட்டச் சொல்லுங்களேன்."